காயும் காலம் கெடாவுக்கு உண்டு

இணையக் கடைகளில் லூபின் விதைப் பொட்டலம் விற்கிறார்கள். ஒரே தண்டில் கீழிருந்து மேலாக ஊதாவும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக அடுக்கிய பூக்கள், பின்னால் பனி மூடிய மலை. அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. அதை வாங்கி, அலோர்ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில் ஒரு தாமான் வீட்டு வாசலில் விதைத்தால் சில விதைகள் முளைக்கும், இலையும் விடும். பிறகு தண்டு நீண்டு வெளுத்து, நாலு மழையில் அடி அழுகிச் சாய்ந்துவிடும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு விதையெல்லாம் சரிப்படாது, நர்சரியில் பூத்த செடியையே வாங்கிக்கொள்ளலாம்’ என்று பலரும் அதோடு விதையைக் கைவிட்டுவிடுகிறார்கள். லூபினைக் கைவிடுவது சரி. விதையைக் கைவிடுவது தவறு. விதையிலிருந்து பூ வளர்க்கத் தீபகற்ப மலேசியாவில் கெடாவையும் பெர்லிசையும் போல வாகான இடம் வேறில்லை என்பதே என் வாதம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இங்கே முளைத்து, இங்கே பூத்து, இங்கேயே விதை முற்றிக் காய்ந்து, மறுபடியும் இதே மண்ணில் முளைக்கிற செடியாக அது இருக்க வேண்டும். இந்தச் சுற்று முழுதாக ஓடாத செடியை விதைப்பது ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொட்டலம் வாங்குவதில்தான் முடியும்.

லூபின் சாவது வளர்ப்பவர் குற்றமில்லை. தோட்டங்களில் புகழ்பெற்ற பல்லாண்டு லூபின் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிறந்தது. அதன் விதையை 1820களில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனவர் டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். யார்க் நகரில் ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற தோட்டக்காரர் ஆண்டுக்கணக்காக நல்ல செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றதைப் பிடுங்கி எறிந்து உருவாக்கியவைதான் 1937இல் லண்டன் கண்காட்சியில் எல்லாரையும் வியக்க வைத்த ரஸ்ஸல் லூபின்கள். ஆக, இந்தச் செடியின் பழக்கவழக்கமெல்லாம் குளிர்நாட்டில் அமைந்தது. டெக்சஸ் போன்ற வெயில் நாட்டில்கூட அங்குள்ள லூபின் இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர்காலம் முழுவதும் தரையோடு தரையாக இருந்து வேர்விட்டு, மார்ச், ஏப்ரலில் பூத்து, கோடை வருவதற்குள் விதையைச் சிதறிவிட்டுச் செத்துப்போகிறது. மெர்கோங்கில் அந்தக் குளிர்காலம் ஏது? நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஆறாவது பாகையில் இருக்கிறோம். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணி நேரம்தான். தை மாத இரவிலும் வெப்பம் அவ்வளவாகக் கீழே இறங்குவதில்லை. விதையைக் குளிர்ப்பெட்டியில் சில வாரம் வைத்து எடுத்தால் முளைக்குமே என்பார்கள். முளைக்கும்தான். ஆனால் குளிர்ப்பெட்டி முளைப்பதற்கு மட்டும் உதவும். அதற்குப் பிறகு அந்தச் செடி மாதக்கணக்கில் நிற்க வேண்டியது வாசல் வெயிலில்தான்.

இத்தனைக்கும் லூபினிடம் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அது அவரைக் குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்தில் பல விதைகளுக்குத் தண்ணீர் புகாத தோல். மண்ணில் விழுந்ததும் எல்லாம் ஒரே நாளில் முளைத்தால் ஒரு வறட்சியில் வம்சமே அழிந்துபோகும் என்பதால், தோல் எப்போது விரிசல் விடுகிறதோ அப்போது முளைக்கட்டும் என்று இயற்கை செய்த ஏற்பாடு அது. கனடாவின் யூகோன் பகுதியில் உறைமண்ணில் கிடைத்த லூபின் விதைகள் 10,000 ஆண்டுக்கு முந்தியவை என்றும், அவை முளைத்துவிட்டன என்றும் 1967இல் அறிவித்தார்கள். உலகமே நம்பியது. 2009இல் கதிரியக்கக் கரிமச் சோதனை செய்தபோது அவை அண்மைக்கால விதைகள் என்று தெரிந்தது. ஆனால் வடகிழக்குச் சீனாவில் வற்றிய ஏரிப் படுகையில் எடுத்த தாமரை விதை ஒன்று சுமார் 1,300 ஆண்டுக்குப் பின் முளைத்தது நிறுவப்பட்ட செய்தி. தாமரைக் கொட்டையை அரத்தில் உராய்ந்து தண்ணீரில் போட்டால்தான் முளைவிடும் என்பதைக் குளத்தில் தாமரை வளர்க்கிறவர்கள் அறிவார்கள்.

நம் வேலியில் படரும் சங்குப்பூவுக்கும் அதே தோல்தான். முற்றிய காய் பழுப்பேறி விறைத்து, நடுப்பகல் வெயிலில் இரண்டாக முறுக்கிக்கொண்டு வெடிக்கும். உள்ளே ஆறேழு விதைகள், கரும்பழுப்பில் மங்கலான புள்ளிகளோடு. அப்படியே மண்ணில் போட்டால் சில முளைக்கும், மற்றவை வாரக்கணக்கில் கல் மாதிரி கிடக்கும். விதையை இரண்டு விரலால் பிடித்து, முளை வரும் தழும்புக்கு எதிர்ப்பக்கத்தில் மண்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் கருந்தோல் தேய்ந்து உள்ளிருக்கும் வெளிர்நிறம் ஒரு புள்ளியளவு தெரியும். அதோடு நிறுத்திவிட வேண்டும். இரவு தண்ணீரில் போட்டால் காலையில் உப்பி இருமடங்காக நிற்கும். உப்பாமல் கிடப்பதை எடுத்து மறுபடி தேய்க்கலாம். ஒரு நகவெட்டி இருந்தாலும் போதும். லூபின் வளர்ப்பவர்கள் ஐரோப்பாவில் செய்வதும் அச்சொட்டாக இதுதான். அவர்கள் கைப்பழக்கத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் செடியை விட்டுவிடலாம்.

உண்மையில் இந்தக் கைப்பழக்கத்துக்கு நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதே இல்லை. கூலிம், பாடாங் செராய், பீடோங், கோலக் கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர்களுக்கு அது அன்றாட வேலையாக இருந்தது. ஆரம்பத்தில் ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே ஒரு புல் இல்லாமல் மண்ணைச் சுரண்டி வைத்தார்கள். மழையில் மேல்மண் அரித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் தரையை மூடும் கொடிகளை விதைக்கும் முறை பரவியது. 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அதை வற்புறுத்தியது. புவேராரியா, கலோபொகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூன்றும் லூபினுக்கும் சங்குப்பூவுக்கும் சொந்தக்கார அவரைக் கொடிகள். மூன்றுக்கும் கெட்டித்தோல் விதை. சுடுநீரில் ஊறப்போட்டு, பாறைப் பாஸ்பேட் உரத்தோடு கலந்து, தீம்பாரில் வரிசை வரிசையாகத் தூவுவது வழக்கம். வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்தது, ரப்பர் மரம் அதை எடுத்துக்கொண்டது. சென்ட்ரோசீமாவின் ஊதாப்பூவைச் சங்குப்பூவின் பக்கத்தில் வைத்தால் உடன்பிறப்பு என்பது பார்த்ததுமே புரியும். எந்த விதைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு துரை பங்களாவில் மட்டும் இருந்ததில்லை. விதையைக் கையில் அள்ளித் தூவியவர்களிடமும் இருந்தது. அதை நம் வரலாற்றில் யாரும் ஒரு தொழில்நுட்பமாக எழுதி வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இதற்கு நேரெதிர் ரப்பர் விதை. அது காய்ந்தால் செத்துவிடும், சில வாரத்துக்கு மேல் தாங்காது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை ஏறத்தாழ 2,700. மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் 22. நம் முன்னோர் கப்பலேறிக் கெடாவுக்கு வந்ததற்குப் பின்னால் அப்படிப் பிழைத்த விதைகள் இருக்கின்றன. விதை என்றாலே எடுத்து வைத்து வேண்டும்போது போடலாம் என்று இல்லை. சில விதைகளுக்கு ஈரம் உயிர், சில விதைகளுக்கு ஈரம்தான் எமன். நாம் வாசலில் வளர்க்கும் பூக்களில் செண்டு, வாடாமல்லி, கோழிக்கொண்டை, காசித்தும்பை, அந்திமந்தாரை, சின்னியா, சூரியகாந்தி, சங்குப்பூ எல்லாமே இரண்டாவது வகை. நன்றாகக் காய்ந்தால் நீண்ட நாள் இருக்கும்.

கெடாவின் சிறப்பு இங்கேதான் வருகிறது. கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் மழை ஏறக்குறைய ஆண்டு முழுவதும் உண்டு. வடமேற்கு மூலையில் அப்படியில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானிலும் திரங்கானுவிலும் கொட்டித் தீர்த்துவிட்டு மலைத்தொடரைத் தாண்டி வரும்போது, நமக்கு வறண்ட காற்றாகத்தான் வந்து சேர்கிறது. பெர்லிசின் ஹரும்மானிஸ் மாம்பழம் அப்படிப் பூத்துக் காய்ப்பதற்கு அந்த வறட்சி ஒரு முக்கியக் காரணம். மூடா சமவெளியில் வறண்ட மாதங்களிலும் இரண்டாம் போகம் நடவேண்டும் என்பதற்காகத்தான் பெடுவிலும் மூடாவிலும் அணை கட்டி, 1970இல் மாடா என்னும் மூடா வேளாண் வளர்ச்சி வாரியத்தை அமைத்து, ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேருக்கு வாய்க்கால் வெட்டினார்கள். நெல்லுக்குப் பற்றாக்குறையாக இருந்த அந்த மாதங்கள்தான் விதைக்கு வரம். பூத்தலை செடியிலேயே காய்ந்து நிற்கும், பூசணம் பிடிக்காது, பறித்துத் தாளில் பரப்பினால் இரண்டு நாளில் சலசலக்கும். தெற்கே இருப்பவர் இதற்கு அடுப்படியிலும் குளிர்சாதன அறையிலும் படும் பாடு நமக்கு இல்லை.

விதை சேமிப்பில் ஹாரிங்டன் விதி என்று ஒன்று சொல்வார்கள். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். வைக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து பாகை குறைந்தாலும் இரட்டிக்கும். துல்லியமான கணக்கு என்பதைவிட நம்பத்தக்க உத்தேசம் என்று கொள்ளலாம். இதன் பொருள், விதையைத் திறந்த டப்பாவில் சாமி அறையில் வைத்தால் புரட்டாசி மழையில் காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்து ஓராண்டில் வீணாகும். அதையே மாசி வெயிலில் காய வைத்து, இறுக்க மூடும் போத்தலில், வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடியைத் துணியில் முடிந்து அடியில் போட்டு, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் பல ஆண்டு நிற்கும். செண்டுப்பூவில் இதைச் செய்வது சுலபம். இதழெல்லாம் சுருங்கிப் பழுப்பாகி, பூவின் அடிக்கிண்ணம் பச்சை மாறி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் கிள்ளி எடுக்கலாம். கிண்ணத்தைக் கிழித்தால் கறுத்த மெல்லிய ஊசிகள் கட்டாக இருக்கும், ஒவ்வோர் ஊசியின் தலையிலும் வெளிர்நிறக் குஞ்சம். ஊசி வளையாமல் விறைப்பாக இருந்தால் உள்ளே பருப்பு உண்டு. தட்டையாக, நகத்தில் மடங்கினால் அது பொக்கு.

செண்டு மட்டும் என்ன நம் ஊர்ச் செடியா, அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே, அதற்கு ஒரு நியாயம் லூபினுக்கு ஒரு நியாயமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். செண்டும் சின்னியாவும் மெக்சிகோ பக்கத்துச் செடிகள். வாடாமல்லியும் அந்திமந்தாரையும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் வழி வந்தவை. நம் தட்டில் ஊலாமாக வரும் ஊலாம் ராஜாவும் அந்தக் கண்டத்துக் காஸ்மோஸ் செடியே. இவையெல்லாம் மாரியம்மன் கோயில் தோரணத்திலும் மலாய்க்காரர் உணவிலும் ஒன்றிவிட்டதற்குக் காரணம் வெயில் பழகிய செடிகளாக வந்ததும், இங்கே விதை போட்டதும்தான். பிறந்த நாட்டைப் பார்த்து நான் லூபினை ஒதுக்கவில்லை. அது இங்கே விதை முற்றாது என்பதால் ஒதுக்குகிறேன். இதே அளவுகோலை நம் பாரம்பரியப் பூக்களுக்கும் வைக்க வேண்டும். குண்டுமல்லி இங்கே விதை பிடிப்பதில்லை, 1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியும் தோட்டங்களில் விதையில் பெருகுவதில்லை. இரண்டையும் குச்சி வைத்தோ பதியம் போட்டோதான் வளர்க்கிறோம். அவற்றுக்கு விதை தேடி அலைவது வீண்.

நர்சரிச் செடி மலிவு, உடனே பூ கிடைக்கும் என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை உண்டு. விருந்துக்கு நாலு நாள் இருக்கும்போது வாசலை அலங்கரிக்க பாலிபேக் செடியைவிட வேறு வழியில்லை. ஆனால் அந்தக் குட்டைச் செண்டுகளில் பல கலப்பின விதையில் வந்தவை. அவற்றின் விதையைப் போட்டால் பிள்ளைகள் தாயைப்போல் இருக்காது. உயரம் கலையும், பூ ஒற்றையடுக்காகும், சிலவற்றில் விதையே பிடிக்காது. விதை சேர்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் பெரும்பாலும் இந்த ரகத்தில் தொடங்கியவர்கள். கோயில் மாலைக்கு வரும் நாட்டுச் செண்டிலிருந்தோ, பழைய வீட்டு வேலியிலிருந்தோ எடுத்த விதையில் தொடங்கினால் அந்தச் சிக்கல் குறைவு. செண்டும் சின்னியாவும் வண்டால் மகரந்தம் மாறும் செடிகள். ஒரே செடியில் விதை எடுக்காமல், நன்றாகப் பூத்த பத்துப் பன்னிரண்டு செடிகளில் எடுத்துக் கலந்தால் வீரியம் குன்றாது. சங்குப்பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. அடுக்குப்பூவின் விதையை எடுத்தால் அடுக்குப்பூவே வரும். புதிதாகத் தொடங்குகிறவர் அதில் தொடங்குவது நல்லது.

இடம்தான் பெரிய கேள்வி. லயத்து வீட்டுக்கு முன்னும் பின்னும் மண் இருந்தது. அது நமக்குச் சொந்தமில்லாத மண், ஆனாலும் கையெட்டும் மண். பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் அந்த மண்ணும் போகும் என்று கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டமே கெடாவின் புக்கிட் சீடிம். எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான்கள் வந்தன. சுங்கைப்பட்டாணியிலும் அலோர்ஸ்டாரிலும் வீடு சொந்தமானது, வாசல் சிமெண்டானது. வேலியோரக் கோழிக்கொண்டையின் விதை அந்தக் குடிபெயர்ப்பில் சாமான்களோடு வண்டி ஏறவில்லை. இதற்குப் பதில் சொல்வது எளிதில்லை, ஆனால் வழி இல்லாமலும் இல்லை. சங்குப்பூவுக்குப் பெரிய தொட்டி ஒன்றும் ஏறுவதற்கு வாசல் கம்பிக் கதவும் போதும். செண்டுக்கு ஒரு சாண் ஆழம் போதும். மெர்கோங் பக்கம் மண் இருக்கிறவர்களுக்கும் அது வயல் களிமண். மழையில் குழையும், வெயிலில் வெடிக்கும். அரிசி ஆலைகள் நிறைந்த ஊரில் உமிக்கரிக்குப் பஞ்சமில்லை. களியோடு உமிக்கரியும் மட்கிய எருவும் கலந்து மேடாக்கினால் வேர் இறங்கும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே கூடாது. தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் பூ வளர்த்த வீட்டிலேயே டெங்கி வரும்.

கோயில்களைச் சேர்க்காமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. நம் மாநிலத்தில் பூவின் மிகப்பெரிய வாடிக்கையாளர் கோயில்தான். சாமந்தி கேமரன் மலையிலிருந்து வருகிறது, மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில்கூட வருகிறது. அந்த வியாபாரத்தோடு வீட்டு வாசல் போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். ஆனால் நாள்காட்டியையும் மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரியும். தீபாவளி விழுவது கெடாவில் மழை உச்சத்தில் இருக்கும் வேளையில். ஆகஸ்டில் விதைத்த செண்டு அப்போது பூத்தாலும் தலை தண்ணீர் கோத்து அழுகும். தீபாவளிப் பூவுக்குக் கடையை நம்புவதே நல்லது. நவம்பர் தொடக்கத்தில் கூரைக்குக் கீழே நாற்று விட்டு, மழை குறையும்போது எடுத்து நட்டால் எட்டு முதல் பத்து வாரத்தில், பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் சரியாகப் பூ கிடைக்கும். சுங்கைப்பட்டாணி முருகன் கோயிலின் சித்ரா பௌர்ணமிக்கு வேண்டுமென்றால் பிப்ரவரியில் விதைத்து, மாலைதோறும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சங்குப்பூவுக்கு மாலையைத் தாண்டியும் மதிப்பு கூடிக்கொண்டு வருகிறது. மலாய்க்காரர்கள் தெலாங் என்று சொல்லி நாசி கெராபுவுக்கும், நோன்யா சமையலில் புளுட் பலகாரத்துக்கும் நெடுங்காலமாக அதன் நீலத்தைத்தான் சேர்க்கிறார்கள். 2021இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தச் சாயத்தை உணவில் சேர்க்க அனுமதித்தது. ஆஸ்திரேலியாவில் அதை மாட்டுத் தீவனமாக விதைக்கிறார்கள், அதன் சாற்றிலிருந்து பருத்திப் பூச்சிக்கு மருந்தும் எடுக்கிறார்கள். பூவைத்தான் உண்ணலாம், விதையும் வேரும் பேதியாக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் விதைப் போத்தல் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இணையத்தில் வாங்கும் வெளிநாட்டு விதையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1976ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டப்படி விதை இறக்குமதிக்கு அனுமதி வேண்டும். தென்னமெரிக்க ரப்பர் இலைக்கருகல் நோய் இங்கே கால்வைத்தால் மிச்சமிருக்கும் ரப்பரும் போய்விடும் என்பதால், அந்தக் கண்டத்துத் தாவரங்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. உறையில் வந்து விழும் பொட்டலத்தைச் சின்ன விஷயம் என்று எண்ணக்கூடாது.

ஆகவே செய்ய வேண்டியது, கோயில் நந்தவனக் குழுக்களும் தமிழ்ப்பள்ளிகளின் தோட்டக் கழகங்களும் பொங்கலுக்குப் பூத்த செடிகளை உடனே பிடுங்கிவிடாமல் நல்ல செடி பத்துப் பன்னிரண்டுக்கு அடையாளமாக நூல் கட்டி விடுவது. அவற்றில் பூப் பறிக்காமல் விட்டால் பிப்ரவரி கடைசிக்குள் விதை கைக்கு வரும். காய வைத்து, பெயரும் ஆண்டும் எழுதிப் போத்தலில் போடலாம். விதைப்பதற்குப் பத்து நாள் முன்பு பத்து விதையை ஈரத் தாளில் சுருட்டி வைத்துப் பார்த்து, ஏழுக்கு மேல் முளைத்தால் சாதாரணமாகத் தூவலாம், நாலைந்துதான் முளைத்தால் இருமடங்கு அடர்த்தியாகத் தூவ வேண்டும், அதற்கும் குறைந்தால் பக்கத்துத் தாமானில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.